குறை சொல்லாத நானா

ரப்பர் விலை விழுந்த வருஷங்களில் ஜொகூர் பாருவில் எல்லாம் மலிந்து கிடந்தன. அதிலும் பாய்மரப் படகு மாதிரி மலிந்தது வேறொன்று இல்லை. நல்ல காலத்தில் தோட்டத்துத் துரைகள் ஆளுக்கொரு உல்லாசப் படகை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் நீரிணையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். விலை விழுந்ததும் ஒவ்வொருவராக வேலை போய்ச் சீமைக்குக் கப்பல் ஏறினார்கள். நாயைச் சிநேகிதரிடம் விட்டுவிட்டுப் போகலாம். கட்டிலையும் நாற்காலியையும் சீனன் கடையில் தள்ளிவிடலாம். படகை என்ன செய்வது? அதெல்லாம் எங்கள் ஆபீசுக்கு வந்தது.

எங்களுடையது ஏலக் கம்பெனி. முதலாளி ஸ்காட்லாந்துக்காரர். நான் அங்கே கிராணி, அதாவது குமாஸ்தா. பழைய படகு வாங்க வருகிறவர்கள், தெரிந்த ஆள் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் வாங்கமாட்டார்கள். அதற்காக எங்கள் துரை எங்கேயோ விசாரித்து, ஸ்தூலாங் கரையில் படகுகளுக்குக் கீல் பூசிப் பலகை மாற்றிக்கொண்டிருந்த நானாவைப் பிடித்தார். நானா படகைப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும். நான் அதை இங்கிலீஷில் அறிக்கையாக எழுதித் தர வேண்டும். ஏற்பாடு இவ்வளவுதான்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். கரையில் சீனருக்கும் மலாய்க்காரருக்கும்கூட அவர் நானாதான். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்று தெரிந்தபோது, மாற்றிக்கொள்ள முடியாத அளவுக்கு வாய் பழகிவிட்டிருந்தது.

முதல் படகு சிம்பாங் ரெங்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தோட்டத் துரையுடையது. கடல் வற்றியிருந்த காலை நேரம். படகு சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. புதுசாக வெள்ளைச் சாயம் அடித்திருந்தார்கள். துரை சுருட்டைப் பற்றவைக்க மறந்து வாயில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். வாங்க வந்தவர் மரக் கம்பெனி மானேஜர் ஒருவர்.

நானா உடனே கிட்டே போகவில்லை. முப்பது அடி தள்ளி, பின்பக்கமாக நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, விரல் முட்டியால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக்கொண்டே போனார். காதைப் பலகையோடு ஒட்டி வைத்திருந்தார். உள்ளே ஏறினார். அடித்தளப் பலகை ஒன்றைத் தூக்கி, அங்கே தேங்கியிருந்த தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். அவர் ரசத்துக்கு உப்புப் பார்ப்பவர் மாதிரி மேலே பார்த்து யோசித்தார்.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். நான் பென்சிலைத் தீட்டி வைத்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லுங்க நானா."

"எழுதிக்கிங்க கிராணியாரே. அடுப்பு ரொம்ப நல்லாயிருக்கு."

"அடுப்பா?"

"சமையல் பண்ற அடுப்பு. எண்ணெய் அடுப்பு. பித்தளையில பண்ணுனது. இப்ப வர்றதெல்லாம் இந்த மாதிரி வர்றதில்ல."

"வேற?"

"பாய் மடிச்சு வச்சிருக்கிறது அழகா இருக்கு." அந்தத் துரையைப் பார்த்துச் சிரித்து, "பாகுஸ், துவான்," என்றார். நன்றாக இருக்கிறது என்று மலாயில் சொன்னார். துரையின் முகம் மலர்ந்துவிட்டது.

நானும் எழுதினேன். அடுப்பு மிக நல்ல நிலையில் உள்ளது. பாய் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டுள்ளது. அறிக்கையில் ஒரு குறைகூட இல்லை என்று மானேஜர் சந்தோஷமாகப் படகை வாங்கினார். மூன்றாம் நாள் காலையில் அது கட்டிப்போட்ட இடத்திலேயே மூழ்கிக் கிடந்தது. பாய்மரம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை.

எங்கள் துரை என்னை வாங்கிய வாங்கை இங்கே எழுத வேண்டாம். நான் நேராக ஸ்தூலாங்குக்குப் போனேன். நானா சம்பான் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நானா, படகு முழுகிடுச்சு!"

"முழுகத்தானே செய்யும்?" என்றார். "அடியில பலகை பூரா புழு அரிச்சுக் கிடக்கு. தட்டினா அப்பளம் மாதிரி சத்தம் வருது."

"அத ஏன் நீங்க சொல்லல?"

"சொன்னேனே!"

"என்ன சொன்னீங்க? அடுப்பு நல்லாயிருக்குன்னு சொன்னீங்க!"

"ஆமா. படகைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேனா நானு?"

அவர் எனக்கும் ஒரு குவளை தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"அந்தத் தொரை மொகத்தப் பாத்தீங்கல்ல? பன்னண்டு வருஷமா வச்சிருந்த படகு. வேலையும் போச்சு. பொண்டாட்டி முன்னாலயே ஊருக்குப் போயாச்சு. அந்த ஆளு நிக்கிறப்போ, உன் படகு சொத்தைன்னு எப்படிங்க சொல்றது? நமக்கு அந்த வாய் வரல. நல்லதா என்ன இருக்குன்னு தேடிப் பாத்து அதச் சொன்னேன். மத்தத நீங்க புரிஞ்சுக்கணும். படிச்சவங்கதானே?"

நல்லவேளையாக, மூழ்கியது ஆழமில்லாத இடம். எங்கள் துரை மானேஜருடன் சமாதானம் பேசி முடித்தார். நானாவை மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் கரையில் விசாரித்த இடமெல்லாம் ஒரே பதில் வந்தது. படகு பார்க்க நானாவைப் போல ஆள் சிங்கப்பூர் வரைக்கும் இல்லை. அவர் சொல்வதைக் கேட்கத்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

நான் பழகினேன். ஒரு வருஷம் பிடித்தது.

அவர் எப்போதும் மேலேயிருந்து கீழே வருவார். பாய்மரத்தின் உச்சியில் தொடங்கி, கயிறு, பாய், மேல்தளம், சுக்கான், பலகை, அடிக்கட்டை என்று வரிசையாகப் புகழ்ந்துகொண்டே இறங்குவார். எதை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறாரோ அங்கேதான் கோளாறு. "பாய்மரம் அருமை, கயிறு அருமை, பாய் அருமை, சுக்கான் ராஜா மாதிரி இருக்கு" என்றால், மேல்தளம் ஒழுகுகிறது என்று பொருள். சாயத்தின் நிறத்தைப் புகழ்ந்தால், சாயத்துக்கு அடியில் எதையோ மறைத்திருக்கிறார்கள். படகின் பெயர் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாரானால் அவ்வளவுதான். வாங்குகிறவரை அந்தப் பக்கமே போகவிடக் கூடாது.

நாக்கில் வைத்துப் பார்ப்பதன் காரணத்தையும் ஒரு நாள் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடியில் தேங்கிய தண்ணீர் கரித்தால் கீழேயிருந்து கடல் வருகிறது. கரிக்காவிட்டால் மேலேயிருந்து மழை வருகிறது. மழை ஒழுகலைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை.

அவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் நான் அறிக்கையில் எழுத ஆரம்பித்தேன். மேல்தளத்தின் இடதுபக்கம் முழுவதும் பலகை மாற்றாமல் வாங்க வேண்டாம் என்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, நானா பக்கத்தில் நின்று விற்கிற துரையிடம் பாய்மரத்தைப் பற்றிப் பரவசமாகப் பேசிக்கொண்டிருப்பார். லாபிஸ் வரைக்கும் எங்கள் அறிக்கைக்குப் பெயர் பரவியது. ஜொகூரில் இவ்வளவு கறாரான பரிசோதகர் உண்டா என்று ஒரு டாக்டர் துரை எங்கள் முதலாளிக்குக் கடிதம் எழுதினார். நான் அதை நானாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, "கடுதாசி பேப்பர் உசத்தியா இருக்கு," என்றார்.

இந்தக் குணம் படகோடு நிற்கவில்லை. சாப்பாட்டுக்கடையில் மீன் கெட்டுப்போயிருந்தால், "தட்டு நல்லாக் கழுவியிருக்கீங்க," என்பார். கடைக்காரர் பதறிக்கொண்டு வேறு கறி கொண்டுவந்து வைப்பார்.

என் மனைவிக்கு ஒரு தங்கை. அவளுக்கு லாபிஸ் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் பையன் ஒருவனைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் நானா மரம் வாங்குவதற்காக லாபிஸ் போகிறார் என்று கேள்விப்பட்டு, என் மனைவி அவரைக் கூப்பிட்டனுப்பினாள்.

"அண்ணே, போறதே போறீங்க. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது."

நானா போனார். இரண்டு நாள் கழித்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

"போயிட்டு வந்தேன் தங்கச்சி. மாப்பிள்ளையோட குடை ரொம்ப நல்லாயிருக்கு. மடிச்சு மாட்டி வச்சிருக்காரு பாருங்க, ஒரு சுருக்கம் இல்ல."

என் மனைவி அடுப்படிக்குப் போய் அழுதாள். மறுநாளே சம்பந்தம் வேண்டாம் என்று கடிதம் எழுதவைத்தாள். "குடின்னு நெனைக்கிறேன்," என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். மறுவாரம் அது சீட்டாட்டம் என்று மாறியது. அதற்கு அடுத்த வாரம், பையனுக்கு ஏற்கெனவே பினாங்கில் ஒரு குடும்பம் இருக்கும் என்று சந்தேகப்பட ஆரம்பித்தாள். தங்கை சாப்பிடாமல் கிடந்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து நானா ஏதோ வேலையாக வீட்டுக்கு வந்தார். வந்தவர், "என்ன தங்கச்சி, கல்யாணம் எப்ப?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"எந்தக் கல்யாணம்ணே? நீங்கதான் குடைய மட்டும் சொல்லிட்டீங்களே!"

"ஆமா, குடை நல்லாத்தான் இருந்துச்சு."

"மாப்பிள்ளையப் பத்தி ஒண்ணும் சொல்லலியே நீங்க?"

"மாப்பிள்ளைய நான் எங்க பாத்தேன்? அவருதான் குளிச்சிக்கிட்டு இருந்தாராமே. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு, வந்துட்டேன்."

என் மனைவி அன்றைக்கு அவரைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்த வாரமே நானே லாபிஸ் போய் மன்னிப்புக் கேட்டுப் பேச்சை மறுபடி எடுத்தேன். மாப்பிள்ளை தங்கமான பையன். கல்யாணத்தில் நானாவுக்கு முதல் பந்தியில் இலை போட்டோம். சாப்பிட்டுவிட்டுச் சோறு, குழம்பு, கூட்டு, பொரியல், பாயசம், அப்பளம், ஊறுகாய் என்று ஒன்றுவிடாமல் புகழ்ந்தார். எதையாவது விட்டுவிட்டாரா என்று சமையற்காரர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த நானா ஒரே ஒரு படகைக் குறை சொன்னார்.

அது ஒரு துரைசாணியின் படகு. அவளுக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். புருஷர் எஞ்சினியராக இருந்து காலமானவர். ஸ்தூலாங் கரையை ஒட்டிச் சின்ன பங்களாவில் தனியாக இருந்தாள். ஊரோடு போய்ச் சேர, படகை விற்றால்தான் வழி. புருஷர் போன பிறகும் தினமும் சம்பானில் போய்ப் படகின் பித்தளைகளைத் துடைத்துவிட்டு வருவாள். நானா கரையில் வேலை செய்யும் நாட்களில் அவருக்கும் ஒரு கோப்பை தேநீர் வரும். சந்தை மலாயில் இருவரும் படகைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். அவளுடைய மலாய் கேட்கச் சகிக்காது. நானா ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை.

வாங்க வந்தவர் நில அளவைத் துரை ஒருவர். மெர்சிங்குக்கு மாற்றலாகியிருந்தது. அங்கே தீவுகளை அளக்கும் வேலை. படகு இருந்தால் குடும்பத்தோடு கடல் வழியாகவே போய், அங்கே அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். பார்க்க வந்த அன்றைக்கு மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெரியவளுக்கு ஆறு வயது இருக்கும். வந்ததும் சின்னவள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, இது என்னுடையது என்று சொல்லிவிட்டாள்.

நானா வழக்கம்போல் தொடங்கினார். பாய்மரம் அருமை. கயிறு அருமை. பாய் புதுசு மாதிரி. மேல்தளத்தில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. சுக்கான், பலகை, விளக்கு, அடுப்பு, எதையும் விடவில்லை. நான் எழுதிக்கொண்டே வந்தேன். இவ்வளவு சுத்தமான அறிக்கையை நான் எழுதியதே இல்லை. துரைசாணி எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நில அளவைத் துரை மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

நானா உள்ளே போனார். அடித்தளப் பலகையைத் தூக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஆளைக் காணோம். வெளியே வந்தபோது உள்ளங்கை செங்கல் நிறமாக இருந்தது. குழந்தைகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பெரியவளிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். எழுந்து துரைசாணியிடம் போனார்.

"மேம்," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இனி பெராவு தா பாய்க், மேம்."

இந்தப் படகு நல்லதில்லை. நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. என் பென்சில் அப்படியே நின்றுவிட்டது. துரைசாணி தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"எங்கே?" என்று மலாயில் கேட்டாள்.

நானா காட்டினார். படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் கட்டையை ஏரா என்பார்கள். காற்றில் படகு கவிழாமல் இருப்பதற்காக ஏராவுக்குக் கீழே பெரிய ஈயப் பாரம் ஒன்று தொங்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை எட்டு இரும்பு ஆணிகள். வெளியிலிருந்து எவ்வளவு தட்டினாலும் அவை தெரியாது. துரைசாணி மண்டியிட்டு, கையை உள்ளே விட்டு ஓர் ஆணியின் தலையைத் திருகினாள். அது பிஸ்கட் மாதிரி உடைந்து கையோடு வந்துவிட்டது.

"அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்," என்றாள் இங்கிலீஷில், என்னைப் பார்த்து. புருஷரைச் சொல்கிறாள் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு அவளே நில அளவைத் துரையிடம் போய், வாங்க வேண்டாம் என்று சொன்னாள்.

திரும்பி வரும்போது நானா தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஏன் நானா, எப்பவும்போல விட்டிருந்தீங்கன்னா நானே எழுதியிருப்பேனே?" என்றேன்.

"மத்ததெல்லாம் நல்லாயிருந்துச்சே! இத்தனை நல்லதச் சொல்லிட்டு ஒண்ண மட்டும் விட்டா, நீங்க கவனிக்கணும், உங்க பென்சில் கவனிக்கணும், அந்தத் தொரை கவனிக்கணும். நடுவுல எங்கயாவது நழுவிப்போச்சுன்னா?" கொஞ்சதூரம் நடந்தார். "பெரிய புள்ளகிட்ட நீந்தத் தெரியுமான்னு கேட்டேன். தெரியாதுன்னிருச்சு."

அன்று சாயங்காலம் அவர் கரைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. துரைசாணியை நேருக்கு நேர் பார்க்கக் கூச்சம். மூன்றாம் நாள் அவளே சம்பானைத் தள்ளிக்கொண்டு அவர் பட்டறைக்கு வந்துவிட்டாள். செத்துப்போன புருஷருடைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டியிருந்தாள்.

"பிசா பாய்க்கி?" என்றாள். பழுதுபார்க்க முடியுமா?

நானா தரையைப் பார்த்துக்கொண்டே, முடியும் என்றார். நில அளவைத் துரையும் ஒரு மாதம் காத்திருக்கிறேன் என்றார். சின்னவள் சுக்கானை விட்டு வர மறுத்ததில் அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

கடல் நன்றாக ஏறி வந்த நாளில் படகைக் கரையேற்றினார்கள். அடியில் பள்ளம் தோண்டி, நானா மல்லாந்து படுத்துக்கொண்டு பழைய ஆணிகளை ஒவ்வொன்றாக அடித்து வெளியே தள்ளினார். தம்போய்ச் சாலையில் இருந்த சீனப் பட்டறையில் எட்டு வெண்கல ஆணிகள் வார்த்துக் கொண்டுவந்தார்கள். துரைசாணி தினமும் தேநீர்க் கெண்டியோடு வந்து உட்கார்ந்து, பொருத்துவதற்கு முன் ஒவ்வோர் ஆணியையும் பளபளவென்று துடைத்துக் கொடுத்தாள். உள்ளே போனால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் கேட்டேன். நானா என்னை முறைத்தார்.

வேலை முடிந்தது. படகு தண்ணீரில் இறங்கியது. இனி பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும்.

"நான் மாட்டேன்," என்றார் நானா. "நான் போட்ட ஆணிய நானே பாத்து நல்லதுங்கிறதா? ஊர் சிரிக்கும். நீங்க பாருங்க கிராணியாரே."

"எனக்கென்ன தெரியும்?"

"மூணு வருஷமா கூடவே நின்னு எழுதுனீங்கல்ல?"

வேறு வழியில்லாமல் வெள்ளைக் காற்சட்டையோடு நான் இறங்கினேன். முப்பது அடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடினேன். தட்டினேன். எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. உள்ளே போய் அந்த எட்டு ஆணிகளையும் திருகிப் பார்த்தேன். கை வலித்ததுதான் மிச்சம். கடைசியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடித்தண்ணீரை நாக்கில் வைத்தேன். கரிக்கவில்லை. மேலே பார்த்தேன். அறையின் கண்ணாடிக் கூரை ஓரத்தில் ஈரக்கோடு ஒன்று இறங்கியிருந்தது. இரண்டு விரல் அகலக் கீல் பூசினால் போதும்.

கரையில் நானா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் பயந்து நின்று அன்றுதான் பார்த்தேன். எனக்குள் ஏதோ ஒரு குறும்பு புகுந்துகொண்டது.

"நானா, பித்தளை விளக்கு ரொம்ப நல்லாயிருக்கு," என்றேன்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லாமல் போய்விட்டது. "விளக்கா?"

"ஆமா. விளக்கு அருமை."

கைலியை மடிக்கக்கூட இல்லை. தண்ணீரில் இறங்கி ஓடி, படகில் ஏறி, அடித்தளப் பலகைகளையெல்லாம் தூக்கிப் போட்டார். எட்டு ஆணிகளையும் திருகினார். சுக்கானைக் கழற்றினார். பாய்மரத்தில் ஏறினார். நான் கரையிலிருந்து கூப்பிட்டது அவர் காதில் விழவேயில்லை. ஒரு மணி நேரம் கழித்துச் சேறும் கீலுமாக வந்து என் முன்னால் நின்றார். "எங்கங்க? எதுங்க? எனக்குத் தெரியலியே!"

"கண்ணாடிக் கூரையில லேசா மழை ஒழுகுது, அவ்வளவுதான்."

"அத வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே, மனுஷா!" என்று கத்தினார். கத்திய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சேற்றிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துரைசாணி பங்களாவிலிருந்து ஓடிவந்து என்ன என்று கேட்டாள். என் இங்கிலீஷுக்கு அதை விளக்கும் சக்தி இல்லை.

வடகிழக்குக் காற்று ஓய்ந்து கடல் அமைதியான ஒரு காலையில் படகை வாங்கிய நில அளவைத் துரை குடும்பத்தோடு மெர்சிங்குக்குப் புறப்பட்டார். துரைசாணிக்கும் மறுவாரம் சிங்கப்பூரிலிருந்து கப்பல். வழியனுப்ப நாங்கள் மூவரும் கரையில் நின்றோம். துரையின் மனைவி கையசைத்தாள். குழந்தைகள் இருவர் மாரிலும் தக்கைப் பட்டை கட்டியிருந்தது. நானா தைத்துக் கொடுத்தது. துரை பாயை விரித்தார். காற்று நிறைந்ததும் படகு லேசாகச் சாய்ந்து நகர்ந்தது.

நானா முழங்கால் தண்ணீர் வரைக்கும் போய் நின்றார். முதலில் சும்மாதான் நின்றார். பிறகு கழுத்தை நீட்டினார். பிறகு கையைத் தூக்கினார்.

"யோவ்! அந்தக் கயித்த ஏன்யா இழுக்குற? விடு, விடு! சுக்கான இப்படியா புடிப்பாங்க? மாடு மேய்க்கிற கம்பா அது? சின்னத உள்ள உக்கார வைய்யா! நங்கூரக் கயித்த யாருய்யா அப்படிச் சுருட்டினது? அறிவிருக்கா?"

இடுப்பு மட்டும் தண்ணீரில் இறங்கிவிட்டார். தொண்டை கிழியக் கத்தினார். நில அளவைத் துரை காதருகே கையைக் குவித்துக்கொண்டு, அவர் என்ன சொல்கிறார் என்று என்னைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார்.

நான் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டேன்.

"எல்லாம் ரொம்ப நன்றாக இருக்கிறதாம், துரை!"

அவர் தொப்பியைக் கழற்றி நானாவைப் பார்த்து ஆட்டினார்.